கடைசிப் பகுதியிலிருந்து கேட்டவர்

பாட்காஸ்ட் என்று ஒன்று இருப்பதை எனக்குச் சொன்னவர் திருவனந்தபுரம் கரமனையில் ஒரு மாமி. அவர் வீட்டுக் குளியலறையில் பழைய டைல்ஸைப் பெயர்த்துவிட்டுப் புதிது ஒட்டப் போயிருந்தோம். ஒட்டுகிறவர் அண்ணாச்சி. நான் அவருக்குக் கையாள். சிமெண்ட் குழைக்கத் தண்ணீர் எடுக்க சமையலறைப் பக்கம் போனபோது, புளி ஜாடியில் சாய்த்து வைத்த போனில் ஒருவர் பேசிக்கொண்டிருந்தார். நடுவில் பாட்டும் இல்லை, விளம்பரமும் இல்லை.

"ரேடியோவா மாமி?" என்றேன்.

"ரேடியோன்னா அவா பேசற நேரத்துக்கு நாம போய் உக்காரணும். இது நாம உக்கார்ற நேரத்துக்கு அவா பேசுவா. பாட்காஸ்ட்டாக்கும்."

என் போனை வாங்கி, அவரே அதில் எதையோ இறக்கிக் கொடுத்தார். "முதல்ல கொஞ்சம் அறுவையாத்தான் இருக்கும். குரல் பழகணுமோல்லியோ. பழகிடுத்துன்னா விடமாட்டே."

குளியலறையிலிருந்து அண்ணாச்சி சத்தம் போட்டார். "வே, தண்ணி எடுக்கப் போனீரா, கிணறு வெட்டப் போனீரா?"

நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். செங்கல் சூளை, துறைமுகத்தில் ஐஸ் உடைப்பது, பெங்களூரில் ஓட்டல், ஈரோட்டில் சாயப்பட்டறை என்று போய், திருவனந்தபுரத்தில் வந்து நின்றேன். எங்கேயும் ஒரு வருஷம் தாண்டினால் கால் அரிக்கத் தொடங்கிவிடும். வீடு வாசல் இல்லாதவனுக்குப் புத்தகம் சுமை. டி.வி.க்குச் சுவர் வேண்டும். காதில் ஒருவர் பேசுவதற்கு ஒன்றும் வேண்டாம். டைல்ஸ் இடுக்கில் பூச்சு போடுகிற வேலைக்குக் கை போதும், காது சும்மாதான் இருக்கும். அந்தச் சும்மா இருந்த காதில் கடலடி மலைகளைப் பற்றியும், யானை வைத்தியம் பற்றியும், ஒரு கொலை வழக்கு பற்றியும் கேட்டேன். மாமி சொன்ன மாதிரி விட முடியவில்லை.

ஒன்று பிடித்துவிட்டால் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்வது என் சுபாவம். முதலில் சொன்னது மெஸ் நடத்துகிற அக்காவிடம். கழக்கூட்டம் என்கிற இடத்தில், பைபாஸுக்கு இந்தப் பக்கம், கம்ப்யூட்டர் பிள்ளைகள் தங்கும் ஹாஸ்டல்களுக்குப் பின்னால் ஒரு சந்தில் நானும் அண்ணாச்சியும் தங்கிய அறை. அதன் கீழே அவருடைய மெஸ். பாறசாலைப் பக்கத்துத் தமிழ்க் குடும்பம். அவர் சமையல்காரர் ஆயிற்றே என்று சமையல் நிகழ்ச்சி ஒன்றைப் போட்டுக் கொடுத்தேன். மறுநாள் சாப்பாட்டுத் தட்டை வைக்கும்போதே கேட்டார்.

"எந்தா அண்ணே, ஒரு பகல் முழுக்க நான் இஞ்சி தட்டுறேன். பின்னே காதிலயும் ஒருத்தி இஞ்சி தட்டணுமா?"

"அப்போ என்ன வேணும்?"

"இதல்லாத எது ஆனாலும் மதி." மதி என்றால் போதும்.

வானத்தைப் பற்றி ஒருவர் பேசுவது இருந்தது. நட்சத்திரம் எப்படிப் பிறக்கிறது, எப்படி அவிந்து போகிறது என்று. அதைக் கொடுத்தேன். அதன் பிறகு அக்கா தோசை ஊற்றிக்கொண்டே சனிக்கிரகத்து வளையத்தைப் பற்றி என்னிடம் விசாரிக்க ஆரம்பித்தார். புதிதாகக் கேட்க வருகிறவர்களுக்குச் சொல்ல எனக்குத் தெரிந்த விதி இது ஒன்றுதான்: அவரவர் தொழிலை அவரவர் காதில் போடாதே.

அண்ணாச்சியிடம் பொழுதுபோக்காகச் சொல்லவில்லை. அவருக்குக் கல்லீரல் வீங்கியிருந்தது.

அவர் வள்ளியூர்ப் பக்கம். என்னைவிடக் கொஞ்சம் மூத்தவர். இந்த ஊரில் இருபது வருஷத்துக்கு மேல் டைல்ஸ் ஒட்டுகிறார். மனைவியும் மகளும் ஊரில். பகலில் ஒரு சொட்டு தொடமாட்டார். வேலை முடிந்து கை கால் கழுவினால் அவருக்கு ஒரே வழிதான். நாங்கள் வேலை பார்த்த அடுக்குமாடிக்கும் எங்கள் அறைக்கும் நடுவே, பாலத்தைத் தாண்டியதும் மதுக்கடை. அதைக் கடக்காமல் அறைக்குப் போக முடியாது. அந்த வருஷம் மழைக்காலத்தில் வயிறு வலித்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். டாக்டர் ஸ்கேனைப் பார்த்துவிட்டுச் சுற்றி வளைக்காமல் சொன்னார். இன்றோடு நிறுத்தினால் பிழைக்கலாம், இல்லையென்றால் மகளின் பிள்ளையைப் பார்க்க இருக்கமாட்டீர்கள். மகள் அப்போது ஐந்து மாதக் கர்ப்பிணி.

பஸ்ஸில் திரும்பும்போது அண்ணாச்சி ஜன்னல் பக்கம் பார்த்தபடி சொன்னார். "நிறுத்திரலாம்வே. அது ஒண்ணும் பெரிசில்ல. வேலை முடியுத அந்த ஆறு மணிக்கு என்ன செய்யன்னுதான் தெரியல. அறைக்குப் போனா நாலு சுவரு. உம்ம மூஞ்சி."

அந்த ஆறு மணியை நிரப்பத்தான் எனக்குத் தெரிந்ததை எடுத்து நீட்டினேன். போனும் அவரிடம் இருந்தது, நெட்டும் இருந்தது. மகளோடு பேச மட்டுமே அதைப் பயன்படுத்தி வந்தார். முதலில் வாழ்க்கையில் முன்னேறுவது எப்படி என்று ஒருவர் பேசுவதைக் கொடுத்தேன். கொஞ்ச நேரத்தில் காதிலிருந்து பிடுங்கினார்.

"இவன் என்னத்தையோ விக்க வாராம்வே. குரலே சொல்லுது."

அடுத்து ராஜாக்கள் சரித்திரம். "எல்லாப் பயலும் சண்டை போட்டான், செத்தான். இதுல எவன் எவன்னு எதுக்கு ஞாபகம் வைக்கணும்?"

பேய்க்கதை நன்றாகவே பிடித்தது. ஆனால் அறைக்கு வெளியே இருந்த கக்கூசுக்குத் தனியாகப் போக மறுத்தார். நான் துணைக்குப் போய் வாசலில் நிற்க வேண்டியதாயிற்று. அதையும் நிறுத்தினோம்.

லாரிக்காரர் அதற்குப் பிறகு வந்தார். ஓய்வு பெற்ற டிரைவர் ஒருவர், தூத்துக்குடியிலிருந்து அசாமுக்குக் கருவாட்டு லோடு கொண்டுபோன ஒரே ஒரு பயணத்தைப் பகுதி பகுதியாகச் சொல்கிற நிகழ்ச்சி அது. அலங்காரம் எதுவும் கிடையாது. நடுவில் இருமுவார், தண்ணீர் குடிப்பார், அதையும் வெட்டாமல் விட்டிருந்தார்கள். நான் அதை முழுதும் கேட்டு முடித்திருந்தேன். அண்ணாச்சியின் போனில் போட்டுக் கொடுத்துவிட்டு, சாப்பாடு வாங்கக் கீழே போனேன். திரும்பி வந்தபோது சுவரில் சாய்ந்து கண்ணை மூடியிருந்தார்.

"எப்படி இருக்கு?"

"ஆளு நல்ல ஆளுவே. அசாம்ல லோடு இறக்கிட்டான். கருவாட்டு மூட்டைய இறக்கின பொறவும் வண்டியில வாடை போகலைங்கான். ஆனா தனியா இருக்கானே. கிளீனர் சீட்டு காலியா இருக்குன்னு ரெண்டு தரம் சொல்லிட்டான். கிளீனர் எங்க போனான்?"

அது கடைசிப் பகுதி. புதிதாக வந்தது மேலே இருக்கும், பழையது கீழே இருக்கும் என்று நான் அவருக்குச் சொல்லியிருக்கவில்லை. அவர் மேலே இருந்ததைத் தொட்டிருக்கிறார்.

"அண்ணாச்சி, அது முடிவு. கீழே போய் முதல்லேர்ந்து கேளுங்க."

"முடிவா? அப்போ ஆளு பத்திரமா போய்ச் சேந்துட்டான். அது தெரிஞ்சா போதும். இனி நிம்மதியா கேக்கலாம்."

"கதைய யாராவது பின்னாலேர்ந்து கேப்பாங்களா?"

என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். "நீரு என் கூட எத்தனை நாளா வேலை பாக்கேரு? தரைக்கு எங்கேருந்து ஒட்டுவோம்?"

"உள் மூலையிலேர்ந்து."

"எங்க முடிப்போம்?"

"வாசல்ல."

"வாசல்லேருந்து தொடங்கினா கடைசியில மூலையில நின்னுக்கிட்டு எப்படிவே வெளிய வருவீரு, பறந்தா? இவன் ஊரு தூத்துக்குடி. நமக்கு வாசலு அதுதான். நான் அசாம்லேருந்து அங்க வாரேன்."

அவர் அப்படியே கேட்டார். ஒவ்வொரு பகுதி முடிந்ததும் லாரி ஊருக்குக் கொஞ்சம் பக்கத்தில் வந்தது.

அவரையும் மதுக்கடையையும் பிரித்துவிட்டதாக நான் நினைத்திருந்த வாரம், ஒரு நாள் எனக்கு வேலை சீக்கிரம் முடிந்து முன்னால் கிளம்பிவிட்டேன். மெஸ்ஸில் டீ குடித்துவிட்டு, அவர் வர நேரமாகிறதே என்று திரும்பிப் போய்ப் பார்த்தேன். பாலத்துக்கு அப்பால் மதுக்கடை வரிசை வளைந்து நின்றது. அதன் நடுவில் அண்ணாச்சி. இரண்டு காதிலும் ஒயர். சிரித்துக்கொண்டிருந்தார்.

நான் பக்கத்தில் போய் நின்றதைக்கூடக் கவனிக்கவில்லை. தோளைத் தொட்டதும் ஒரு காதை மட்டும் எடுத்தார்.

"வங்காளத்துல போலீஸ்காரன் கருவாடு லஞ்சம் கேக்காம்வே. மூட்டைய அவுத்துக் காட்டினதும் ஓடிட்டான்!"

"அண்ணாச்சி, நீங்க எங்க நிக்கீங்கன்னு தெரியுதா?"

சிரிப்பு போய்விட்டது. மற்றக் காதிலிருந்தும் ஒயரை எடுத்தார். "முன்னெல்லாம் வரிசை நீளமா இருந்தா கால் கடுக்கும். பாதி நாளு வெறுத்துப் போய்த் திரும்பி வந்துருவேன். இப்ப நிக்கதே தெரியலவே. இவன் பேசிக்கிட்டே வாரான், வரிசை தானா நகருது."

நான் கொடுத்த மருந்து அது. வரிசையில் நிற்கும் அலுப்புதான் அவரை வாரத்தில் இரண்டு மூன்று நாளாவது காப்பாற்றி வந்திருக்கிறது. அந்த அலுப்பை நான் எடுத்துவிட்டேன்.

அன்று அவர் வாங்காமல்தான் வந்தார். அறைக்கு வந்ததும் தன்னுடைய ஒயரைச் சுருட்டிக் கீழே கொண்டுபோய் அக்காவிடம் கொடுத்தார். "இது ஒங்க கையில இருக்கட்டும் தாயி. நான் கேட்டாலும் தராதிய."

அக்கா விஷயம் தெரிந்தவர்தான். கல்லாப்பெட்டிக்குள் போட்டுக்கொண்டார். "பின்னே லாரி?"

"லாரிய இவன் ஒயர்ல ஆளுக்கு ஒரு காதா கேப்போம். நடக்கும்போது மட்டும்."

மறுநாளிலிருந்து நாங்கள் ஒரே ஒயரில் நடந்தோம். அது எளிதான வேலை இல்லை. அண்ணாச்சி குட்டை, நான் நெட்டை. ஒயர் போதாது. நான் ஒரு தோளைத் தாழ்த்த வேண்டும், அவர் எட்டி வைக்க வேண்டும். ஒருவர் நின்றால் மற்றவர் காதிலிருந்து பிடுங்கிக்கொண்டு வரும். மாட்டை நுகத்தில் கட்டின மாதிரி சேர்ந்து நடந்தால்தான் லாரி ஓடும். அவர் கடைப்பக்கம் திரும்பினால் கதை அறுந்துவிடும். எங்கள் நடை முடிகிற தூரத்துக்கு ஒரு பகுதி கிட்டத்தட்டச் சரியாக இருந்தது.

வரிசையில் நிற்கிறவர்களில் பலருக்கு அண்ணாச்சியைத் தெரியும். முதல் நாளே ஒருவர் கூப்பிட்டார். "எந்தா அண்ணாச்சி, கல்யாணம் கழிஞ்ஞோ? தாலி ரெண்டு பேருக்கும் ஒண்ணுதானா?"

"ஆமாடே, நீ வந்து மொய் எழுது," என்றார் அண்ணாச்சி. ஒயர் இழுபட்டது. நான் நிற்கவில்லை. அவரும் கூட வந்துவிட்டார்.

முதல் சில வாரம் அவருக்கு மோசமாக இருந்தது. வேர்த்துக் கொட்டியது, சின்ன விஷயத்துக்கெல்லாம் என் மேல் எரிந்து விழுந்தார். ரப்பர் சுத்தியால் தட்டி ஒரு டைலை உடைத்தார். அவர் கையில் டைல் உடைந்து நான் அதுவரை பார்த்ததில்லை. டாக்டர் கொடுத்த மாத்திரையைச் சாப்பிட்டார். லாரி மட்டும் தவறாமல் ஓடியது. கிளீனருக்கு என்ன ஆயிற்று என்று எனக்குத் தெரியும். சொல்லிவிடாதே என்று அவர் ஒவ்வொரு நாளும் எச்சரிப்பார். "செத்துட்டானா? வேண்டாம், சொல்லாதேயும். மூஞ்சியக்கூடக் காட்டாதேயும்."

அப்போதுதான் எனக்குக் கால் அரித்தது. அதற்கு என்னிடம் காரணம் எதுவும் கிடையாது. விதுராவுக்கு மேலே, போனக்காடு போகிற வழியில், ஒரு எஸ்டேட்டில் இடிந்த தொழிலாளர் லயங்களைப் பழுது பார்க்க ஆள் எடுத்தார்கள். குளிர், காடு, புது இடம். அண்ணாச்சியிடம் சொல்ல இரண்டு நாள் தள்ளிப் போட்டேன். சொன்னபோது அவர் தரையில் ரசமட்டத்தை வைத்துக் குமிழியைப் பார்த்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"போவும். உம்ம யாரு கட்டி வச்சா?"

"லாரி ஒடிசா வரதுக்குள்ள வந்திருவேன்."

"நீரு எங்கயாவது போய்த் திரும்பி வந்திருக்கேரா?"

இல்லை என்பது இருவருக்கும் தெரியும்.

மேலே எஸ்டேட்டில் சிக்னல் கிடையாது. நெட் என்ற பேச்சே இல்லை. முதல் நாள் வேலை முடிந்ததும் மெட்டீரியல் வண்டியில் தொற்றிக்கொண்டு விதுரா சந்தைக்கு இறங்கினேன். போனில் கோடு வந்தது. மணி ஆறு. அவரைக் கூப்பிட்டேன்.

"எங்க இருக்கீங்க?"

"பாலத்துக்கிட்ட." பின்னால் பஸ் ஹாரன் கேட்டது.

"எனக்கு இங்க லாரி கேக்க முடியல. நீங்க கேட்டதச் சொல்லுங்க."

"நீருதான் எல்லாத்தையும் கேட்டாச்சே."

"மறந்துட்டேன்."

அது பொய் என்று அவருக்குத் தெரிந்திருக்கும். பிறகு சொன்னார்: "மத்தியானம் சோத்து நேரத்துல, சத்தமா வச்சு, மத்த ஆளுகளோட கேட்டேன். சரி, கேளும். சிலிகுரிக்கு முன்னால ஒரு டயர் வெடிக்குது..."

அன்றிலிருந்து வேலை முடிந்ததும் கீழே இறங்குவது எனக்கு வழக்கமாயிற்று. சந்தையில் கப்பைக்கிழங்கு விற்கிறவர்களுக்கு நடுவே நின்று கேட்பேன். அவர் சொல்லும் லாரிக் கதை நான் கேட்ட கதை மாதிரி இல்லை. டிரைவர் ஒரு வரியில் விட்டதை அவர் பத்து வரி சொல்வார். டயர் வெடித்த இடத்தில் டிரைவரை என்னென்ன கெட்ட வார்த்தை சொல்ல வைத்தார் என்பதை எழுத முடியாது. பேச்சுக்குப் பின்னால் வரிசையின் சத்தம் நெருங்கும், கூடும், பிறகு குறையும். குறைந்த பிறகுதான் நான் மூச்சு விடுவேன். கடைசியில் அக்காவின் குரல் வரும். "எந்தா அண்ணாச்சி, இண்ணும் லாரியா? கை கழுவிட்டு வா."

ஒரு சனிக்கிழமை அவர் எடுக்கவில்லை. திரும்பத் திரும்பக் கூப்பிட்டேன். கடைசி வண்டியில் மேலே போனேன். மறுநாள் லீவு. காலையிலேயே இறங்கிக் கூப்பிட்டதும் முதல் மணியிலேயே எடுத்தார்.

"நேத்து நின்னேன்வே. வாங்கினேன், குடிச்சேன். ராத்திரி பூரா வாந்தி."

திட்டுவதற்கு எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? விட்டுவிட்டு வந்தவன் நான்.

"என்ன பேச்சையே காணோம்?" என்றார்.

"எதுல நிறுத்தினோம்னு யோசிச்சேன். ஒடிசா எல்லையில."

போனில் நீண்ட மூச்சு ஒன்று கேட்டது. "ஆமா. ஒடிசா எல்லை. நாளைக்குச் சொல்லுதேன்."

மறுநாள் ஆறு மணிக்கு நான் கூப்பிடுவதற்கு முன்னாலேயே அவர் கூப்பிட்டார். மூச்சு வாங்கியது. கத்தினார்.

"வே! ஆளு வந்துட்டான்வே! கிளீனர் வந்துட்டான்! காய்ச்சல்ல ஒரு தாபாவுல படுத்துட்டான். தாபாக்காரன் நான் பாத்துக்கிடுதேன், நீ லோட எறக்கிட்டு வான்னு அனுப்பிட்டான். சாகல! அதுக்கு முன்னால பூராவும் ரெண்டு பேரும் சேந்துதான் வந்திருக்கானுவ. இனி ஊரு வரைக்கும் வண்டியில ரெண்டு பேரு!"

சந்தையில் நின்றவர்கள் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நானும் சிரித்துக்கொண்டிருந்திருக்கிறேன். முதலிலிருந்து கேட்டபோது எனக்கு அந்தப் பகுதி வருத்தமாக இருந்தது. ஒரு ஆளை வழியில் விட்டுவிட்டுப் போகிற பகுதி அது. அவருக்கு அது ஆள் கிடைத்த பகுதி.

அப்போதுதான் கவனித்தேன், அன்று வரிசையின் சத்தம் வந்ததும் போனதும் எனக்குத் தெரியவில்லை. அவர் அதை எப்போதோ கடந்துவிட்டிருந்தார்.

ஆந்திரா தாண்டி, சென்னை தாண்டி, லாரி மதுரைக்கு வந்தது. ஒரு நாள் சொன்னார். "இன்னும் ஒரே ஒரு பகுதிதான். வண்டி தூத்துக்குடியில நிக்குது. லோடு ஏத்துதானுவன்னு மேல எழுதியிருக்கு. நான் கேக்க மாட்டேன்."

"ஏன்?"

"கேட்டா தீந்துரும். அப்புறம் ஆறு மணிக்கு என்ன சொல்ல?"

நான் யோசித்துப் பதில் சொன்னதாக ஞாபகம் இல்லை. "வெச்சிருங்க. நான் வரேன்."

எஸ்டேட் வேலை பாக்கி இருந்தது. மேஸ்திரியிடம் சொல்லிவிட்டு மறுநாள் பஸ் பிடித்தேன். விட்டு வந்த ஒரு ஊருக்கு நான் திரும்பிப் போனது அதுவே முதல் தடவை. வேலை நடக்கும் கட்டிடத்தின் கீழே போய் நின்றேன். அண்ணாச்சி இறங்கி வந்தார். முகத்தில் சதை வைத்திருந்தது. ஸ்கேன் திரும்ப எடுத்தாராம், டாக்டர் குறை சொல்லவில்லையாம். மகளுக்கு மாதம் நெருங்கிவிட்டது, அடுத்த வாரம் ஊருக்குப் போகிறார்.

"ஒயர் வச்சிருக்கேரா?"

எடுத்தேன். அவர் வலது காதில் ஒன்று, என் இடது காதில் ஒன்று. நான் தோளைத் தாழ்த்தினேன். லாரிக்காரர் இருமினார், தண்ணீர் குடித்தார், கருவாட்டு மூட்டை எத்தனை அடுக்கு ஏற்றினோம் என்று தொடங்கினார். பாலத்துக்கு அப்பால் வரிசை அன்று வழக்கத்தைவிட நீளம். யாரோ கை தட்டிக் கூப்பிட்டார்கள். அண்ணாச்சி திரும்பாமலே காதைத் தொட்டுக் காட்டினார்.

கிளீனர் தார்ப்பாயை இழுத்து மூடிக் கயிறு கட்டினான். டிரைவர் அவனைச் சீக்கிரம் ஏறச் சொன்னார். மெஸ் வாசலை நாங்கள் அடைந்தபோது வண்டி கிளம்பியிருந்தது.

அண்ணாச்சி ஒயரைக் கழற்றி என்னிடம் கொடுத்துவிட்டு அக்காவைப் பார்த்தார். "தாயி, அந்த நட்சத்திரக்காரன் பேச்சு எத்தனை பகுதி இருக்கு?"

"ஒருபாடு உண்டு, கேட்டுத் தீராது," என்றார் அக்கா. "ஆனா அதையாவது முதல்லேர்ந்து கேளு, கேட்டோ."

"பாப்போம்," என்று சொல்லி அண்ணாச்சி கை கழுவப் போனார்.